100 எம்பிபிஎஸ் ஃபைபரில் எத்தனை ஈ1 அடங்கும்? கணக்கும் சோதனையும்

பாளையங்கோட்டைப் பக்கம் இப்போது தெருவுக்குத் தெரு ஃபைபர் பெட்டி. திட்டத்தில் 100 எம்பிபிஎஸ் என்று போட்டிருப்பார்கள். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கணக்கில் அது எத்தனை ஈ1 லைன் (பல அழைப்புகளைச் சேர்த்துக் கொண்டுபோகும் டிஜிட்டல் லைன்)? முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். பிறகு இரண்டு லினக்ஸ் லேப்டாப்பை ஒரு லேன் கேபிளில் இணைத்துச் சரிபார்த்தோம். கிடைத்தது ஒரு விடை அல்ல, மூன்று.

அடிப்படை இதுதான். தொலைபேசிக் குரல் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை. அதை நொடிக்கு 8000 முறை மாதிரி எடுத்து, மாதிரிக்கு 8 பிட் கொடுத்தால் 64 கிலோபிட். இப்படி 32 டைம் ஸ்லாட் (முறை வைத்து ஒதுக்கிய நேரத்துண்டு) சேர்ந்தால் 2048 கிலோபிட், அதாவது ஒரு ஈ1. இணையத்தில் கிடைக்கும் மாற்று அட்டவணைகள் பல டி1 வைத்துப் போட்டவை. அது அமெரிக்கக் கணக்கு: 24 ஸ்லாட், ஃப்ரேமுக்கு (எல்லா ஸ்லாட்டும் ஒரு முறை வந்துபோகும் சுற்று) ஒரு கூடுதல் பிட், மொத்தம் 1.544 எம்பிபிஎஸ். நம் ஊர் லைனுக்கு அது பொருந்தாது.

ஈ1-இன் 32 ஸ்லாட்டும் பேச்சுக்கு இல்லை. 0-ஆவது ஸ்லாட் ஃப்ரேமின் தொடக்கத்தை அடையாளம் காட்ட, 16-ஆவது சிக்னலிங்குக்கு, அதாவது அழைப்பை இணைக்கவும் துண்டிக்கவும் தேவையான தகவலுக்கு. மீதி 30-இல்தான் பேச்சு. டேட்டாவுக்கு மட்டும் லைன் எடுத்தால் 16-ஐயும் பயன்படுத்தலாம். அப்போது 31 ஸ்லாட், 1984 கிலோபிட்.

தாமிரபரணிக் கால்வாயில் முறைத் தண்ணீர் விடுவது போலத்தான் ஸ்லாட். உன் முறை வந்தால் உன் வயலுக்கு மட்டும். நீ மடையைத் திறக்காவிட்டாலும் அடுத்தவன் எடுக்க முடியாது. தகவலைத் துண்டு துண்டாக அனுப்பும் பாக்கெட் முறையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டும் முகவரிச் சுமையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கணக்கு பிசகுவது இந்த இடத்தில்தான்.

மூன்று விடைகளும் இவை. வெறும் லைன் வேகத்தை வகுத்தால் 100 ÷ 2.048 = 48.8. டேட்டா ஸ்லாட்டை வைத்து வகுத்தால் 100 ÷ 1.984 = 50.4. பேச்சு எண்ணிக்கை வேண்டுமென்றால் இரண்டுமே உதவாது. ஜி.711 குரலை (மேலே சொன்ன அதே 64 கிலோபிட் முறை) 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட்டாக அனுப்பினால் 160 பைட் குரல். இணையத்தில் குரலைக் கொண்டுசேர்க்கும் ஆர்டிபி, யுடிபி, ஐபி விதிமுறைகளின் தலைப்புகள் 40 பைட். ஈதர்நெட் (லேன் கேபிளில் அனுப்பும் முறை) தலைப்பும் சரிபார்ப்பும் 18. பாக்கெட்டுக்கு முன்னால் போகும் முன்னொலியும் பாக்கெட்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளியும் 20. ஆக 238 பைட், நொடிக்கு 50 தடவை. 64 கிலோபிட் குரல் 95.2 கிலோபிட் ஆகிவிடுகிறது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் 1050 அழைப்பு; முப்பது முப்பதாகப் பிரித்தால் 35 ஈ1. குரலுக்காகக் கேட்பவருக்கு 48 என்று சொல்வது தப்பு.

அடுத்தது சோதனை. லினக்ஸில் நெட்வொர்க் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிசி (tc) கட்டளையில், வேகத்துக்கு வரம்பு வைக்கும் டிபிஎஃப் (tbf) போட்டு, ஒரு டேட்டா ஈ1-இன் அளவான 1984 கிலோபிட்டில் வேகத்தைப் பிடித்தோம். டிசியில் 'கேபிட்' (kbit) என்றுதான் எழுத வேண்டும். 'கேபிபிஎஸ்' (kbps) என்று எழுதினால் அது கிலோபைட் என்று எடுத்துக்கொள்ளும், வேகம் எட்டு மடங்காகிவிடும். இன்னொன்று, டிபிஎஃப் வெளியே போவதை மட்டும்தான் கட்டுப்படுத்தும். அனுப்புகிற லேப்டாப்பில் போட வேண்டும். பர்ஸ்ட், அதாவது ஒரே மூச்சில் விடக்கூடிய அளவு, 5 கிலோபைட் வைத்தோம். அதை 1514 பைட்டுக்குக் (ஒரு முழு பாக்கெட்டின் அளவு) கீழே இறக்கினால் பிங் ஒழுங்காகப் போகும், ஃபைல் மட்டும் நின்றுவிடும். சின்ன பாக்கெட் நுழைகிறது, பெரியது விழுந்துவிடுகிறது. பாக்கெட் பிரிக்கும் வேலையைக் கடைசிவரை தள்ளிப்போடும் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ என்ற இரண்டு வசதிகளையும் ஈத்டூல் (ethtool) கட்டளையில் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் பல பாக்கெட் ஒட்டிய பெரிய கட்டிகளாக வந்து அளவைக் குழப்பும்.

வேகம் அளக்கும் ஐபெர்ஃப் (iperf) கருவியில் பெறுகிற பக்கத்து எண் 1.90 எம்பிபிஎஸ். கணக்கும் அதேதான்: 1514 பைட்டில் உண்மையான சரக்கு 1448, எனவே 1984-க்கு 1897 கிலோபிட். அனுப்புகிற பக்கம் காட்டும் எண் சற்றுக் கூடுதலாக இருக்கும், அதை நம்ப வேண்டாம். பாபநாசம் அகத்தியர் அருவிப் படம் ஒன்று, 5 மெகாபைட், போய்ச் சேர 21 நொடி. வேகத்தை ஒரே ஸ்லாட்டுக்கு, 64 கிலோபிட்டுக்கு, இறக்கினால் அதே படத்துக்கு ஏறக்குறைய 11 நிமிடம். அந்த வேகத்தில் ஒரு முழு பாக்கெட் லைனைவிட்டு இறங்கவே 189 மில்லிநொடி ஆகிறது. குரலையும் ஃபைலையும் ஒரே 64-இல் ஓட்டினால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்பது இதனால்தான்.

இன்னும் வேகமான லைன்களுக்குப் போனாலும் வகுத்தல் மட்டும் போதாது. பல ஈ1-களைச் சேர்த்து ஃபைபரில் கொண்டுபோகும் எஸ்டிஎம்-1 லைனின் வேகம் 155.52 எம்பிபிஎஸ், வகுத்தால் 75 வரும், ஏறுவது 63 ஈ1 மட்டுமே. மூன்று சேர்ந்து ஒரு கட்டு, ஏழு கட்டு சேர்ந்து பெரிய கட்டு, அப்படி மூன்று: 3 × 7 × 3. அதற்கு முந்தைய 139.264 எம்பிபிஎஸ் ஈ4 லைனில் 64 ஏறியது. வேகம் கூடியும் ஒன்று குறைந்தது. ஆனால் ஈ4-இல் ஒரு ஈ1-ஐ மட்டும் தனியே எடுக்க அத்தனையையும் படிப்படியாகப் பிரிக்க வேண்டும். எஸ்டிஎம்-இல் நேராக உருவிவிடலாம். அந்த வசதிக்கு ஒன்றை இழப்பது நல்ல பேரம் என்பதே எங்கள் கருத்து.

வீட்டு ஃபைபர் பெட்டியின் அடியில் லேபிளைப் பாருங்கள். வீட்டுக்கு ஃபைபர் கொண்டுவர இரண்டு முறைகள்: ஈபான் (EPON), ஜிபான் (GPON). ஈபான் என்றிருந்தால் அது ஈதர்நெட் வழி வந்தது. ஜிபான் என்றிருந்தால் கீழ்நோக்கி வரும் வேகம் 2.48832 ஜிபிபிஎஸ், எஸ்டிஎம்-1-இன் 16 மடங்கான எஸ்டிஎம்-16-இன் அதே எண். ஒரு ஃப்ரேமுக்கு 38,880 பைட், நொடிக்கு 8000 ஃப்ரேம். ஃப்ரேமுக்கு 125 மைக்ரோநொடி. அதே 125 மைக்ரோநொடியில்தான் ஈ1 தன் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஒரு பைட் கொடுத்து முடிக்கும்.