ஒரே தெரு, மூன்று செலவு: ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தைப் பார்வையிட்ட அனுபவம்

எங்கள் ஊராட்சியில் போட்டு ஓராண்டுகூட ஆகாத சிமென்ட் சாலை, வீடுதோறும் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் குழாய் பதிப்பதற்காக நெடுக வெட்டப்பட்டு, பின்னர் மேடும் பள்ளமுமாக ஒட்டுப் போடப்பட்டது. சாலை போட ஒரு செலவு, வெட்ட ஒரு செலவு, மூட ஒரு செலவு என்று ஒரே தெருவுக்கு மூன்று முறை பொதுப்பணம் போனது. யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பதே ஊரில் பேச்சாக இருந்தது. குழாய் வரப்போவது தெரிந்தே சாலைக்கு ஒப்புதல் கொடுத்தார்களா என்பதைத்தான் நான் அறிய விரும்பினேன். அதற்கான விடை பில்களில் இருக்காது, கூட்ட முடிவுகளைப் பதியும் தீர்மானப் புத்தகத்தில்தான் இருக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவு அஞ்சலில் மனு அனுப்பினேன். ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’ என்ற வகைக் கேள்விகளை மனுவில் எழுதவே கூடாது; ஏனெனில் அலுவலகத்தில் உள்ள ஆவணத்தைத் தருவதுதான் அவர்கள் கடமையே தவிர, விளக்கம் எழுதித் தருவது அன்று. ஆகவே சாலைப் பணிக்கான ஊராட்சி மன்றத் (தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் கூட்டம்) தீர்மானம், மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், பணி ஆணை, முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், குடிநீர்த் திட்டத்துக்குக் கிராம சபை (ஊர் வாக்காளர் அனைவரின் கூட்டம்) ஒப்புதல் தந்த தீர்மானம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டதோடு, பிரிவு 2(j)-இன்படி ‘மூல ஆவணங்களை நேரில் பார்வையிட அனுமதிக்க வேண்டும்’ என்று தெளிவாக ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரிதான் பின்னால் பெரிதும் உதவியது.

30 நாள் கெடு முடிந்தும் பதில் வரவில்லை. நேரில் போனபோது, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) கூறுவதைப் பணிவாகச் சொல்லிவிட்டு, பிரிவு 19(1)இன்கீழ் முதல் மேல்முறையீடு அனுப்பினேன். அதற்குரிய 30 நாள் அவகாசத்தைத் தவறவிடாமல் இருப்பது முக்கியம். மேல்முறையீட்டு அலுவலர் எங்களை அழைத்து விசாரித்து, ஆவணங்களைப் பார்வையிட அனுமதி அளித்தார். கெடு தாண்டிவிட்டதால் பிரிவு 7(6)இன்படி நகல்களுக்குக் கட்டணம் வாங்கவில்லை.

பார்வையிடப் போகும்போது கட்டுமான வேலை தெரிந்த நண்பர் ஒருவரை அழைத்துச் சென்றேன். அளவுப் புத்தகத்தில் ஓவர்சியர் எழுதியிருந்த நீளம், அகலம், கனம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, தெருவில் டேப் பிடித்து ஒப்பிட்டோம். வெட்டிய இடத்தில் சாலையின் கனமும் வெளியே தெரிந்ததால் அதையும் அளக்க முடிந்தது. எல்லாம் சரியாகவே இருந்தன. தணிக்கைக்கு வந்தால் இந்தச் செலவு ஒரு குறிப்புகூட இல்லாமல் தேறிவிடும் என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. யாரும் திருடவில்லை, ஆனாலும் பணம் வீணானது. தீர்மானங்களின் தேதிகளைப் பார்த்தபோது காரணம் விளங்கியது. எந்தெந்தத் தெருவில் குழாய் பதிப்பது என்ற திட்டத்துக்குக் கிராம சபை முன்னரே ஒப்புதல் தந்திருக்க, அதற்குப் பிந்தைய மன்றக் கூட்டத்தில் அதே தெருவுக்குச் சாலை போடத் தீர்மானம் நிறைவேறியிருந்தது. சாலை மதிப்பீட்டில் குழாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்தச் சாலைக்கான பணம், ஒன்றிய அரசு உள்ளாட்சிகளுக்குத் தந்த 15ஆவது நிதிக்குழு மானியத்திலிருந்து வந்தது. அந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று ஒதுக்கப்பட்டது. மீதியை உள்ளூர்த் தேவைக்கேற்ப எந்தப் பணிக்குச் செலவிடுவது என்பது ஊராட்சியின் பொறுப்பாக இருந்தது. ஆகவே மேலிடத்து உத்தரவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. தீர்மானத்தில் கையெழுத்திட்ட வார்டு உறுப்பினர் ஒருவரிடம் கேட்டேன். “குழாய் எப்ப வரும்னு எங்களுக்கு யாரும் தேதி சொல்லலை தம்பி. மார்ச்சுக்குள்ள செலவு பண்ணலைன்னா காசு திரும்பிப் போயிடும்னு சொன்னாங்க, கையெழுத்துப் போட்டோம்” என்றார். அவர் நேர்மையானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தத் தேதியைக் கேட்டு வாங்குவதற்காகத்தான் நாம் அவரைத் தேர்ந்தெடுத்தோம் என்றே நினைக்கிறேன்.

அக்டோபர் 2 கிராம சபையில், படிவம் 30இன்படி வரவு செலவு வாசிக்கப்பட்ட பிறகு, இரு தீர்மானங்களின் நகல்களையும் படித்துக்காட்டினேன். தலைவர் முதலில் கோபப்பட்டார். ஆனால் அளவில் குறையில்லை என்பதை நானே சபையில் சொன்னதும் பொறுமையாகக் கேட்டார். குடிநீர்க் குழாய், கழிவுநீர் வடிகால் வேலைகள் முடிந்துவிட்டன என்றோ, அங்கே அவை திட்டத்தில் இல்லை என்றோ ஒன்றியப் பொறியாளரிடம் எழுத்தில் பெறாமல் எந்தத் தெருவுக்கும் சாலை மதிப்பீடு தயாரிக்கக் கூடாது என்று தீர்மானம் எழுதப்பட்டது. வாய்ப்பேச்சோடு விடாமல், தீர்மானம் புத்தகத்தில் ஏறிய பிறகே நாங்கள் கையெழுத்திட்டோம். அதன்படி பள்ளிக்கூடத் தெருவின் சாலை வேலை தள்ளிவைக்கப்பட்டு, அங்கே இப்போது குழாய் பதிக்கும் வேலை நடக்கிறது.