என் டிடி 214ல 28வது கட்டம் மாறின கதை

அமெரிக்க ராணுவத்துல இருந்தவங்களுக்குத் தெரியும், வெளிய வரும்போது டிடி 214னு ஒரு தாள் குடுப்பாங்க, அப்புறம் லோனோ வேலையோ எதுக்குப் போனாலும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க. என்னோடதுல 24வது கட்டத்துல ஹானரபிள்னு, அதாவது நல்லபடியா சேவை செஞ்சவன்னு, கெத்தா இருக்கும். நாலு கட்டம் தள்ளி 28ல, அனுப்பின காரணம் எழுதற இடத்துல, ஹோமோசெக்ஷுவல் அட்மிஷன், அதாவது தன்பாலீர்ப்பு உள்ளவன்னு நானே ஒத்துக்கிட்டேன்னு. ஒவ்வொரு இன்டர்வியூலயும் எச்ஆர் கண்ணு அந்த வரியில நிக்கறதை நான் பாத்துட்டு உக்காந்திருப்பேன்.

அனுப்பினது 2005ல, டோன்ட் ஆஸ்க் டோன்ட் டெல் காலம், தன்பாலீர்ப்பு உள்ளவங்கன்னு வெளிய தெரிஞ்சா ராணுவத்தை விட்டு அனுப்பற சட்டம் அது. அந்த 1993 சட்டப்படி ஏதாவது நடந்திருக்கணும்னு கூட இல்ல, நான் லெஸ்பியன்னு வாயால சொன்னாலே போதும், நான் சொன்னேன். ஏன் சொன்னேன்னா, வீட்டுக்கு போன் பண்ணா என் காதலியைப் பத்தி தமிழ்ல "அவங்க"ன்னு சொல்லி சமாளிச்சிரலாம், ஆணா பொண்ணான்னே தெரியாது, இங்கிலீஷ்ல அது முடியாது, மூணு வருஷமா ஷீயை ஹீயாக்கிப் பேசிப் பேசி ஒருநாள் மறந்துபோய் ஷீன்னு வந்துருச்சு, கேட்டவன் சும்மா விடல, நானும் மறுக்கல. அம்மாகிட்ட முட்டி போச்சு, அதான் அனுப்பிட்டாங்கன்னு சொல்லிட்டேன்.

2010 டிசம்பர்ல ஒபாமா கையெழுத்து போட்டு, 2011 செப்டம்பர் 20ல அந்தச் சட்டம் ஒழிஞ்சது. தாளும் தானா மாறிரும்னு நினைச்சேன். மாறாது, நாமளேதான் அப்ளை பண்ணணும். அனுப்பினதுக்குக் காரணம் அந்தச் சட்டம் மட்டும்தான், வேற தப்பு எதுவும் ஃபைல்ல இல்லன்னா பொதுவா மாத்திக் குடுக்கணும்னு அப்பவே பென்டகன்ல இருந்து மெமோ போயிருச்சு. அது எனக்குத் தெரிஞ்சது 2021ல.

அதுக்குள்ள என்னை அனுப்பி 15 வருஷம் தாண்டிருச்சு. 15க்குள்ளன்னா டிடி 293 ஃபார்ம், டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டுக்கு. தாண்டிட்டா டிடி 149, ரெக்கார்ட் கரெக்ஷன் போர்டுக்கு. 149க்கு மூணு வருஷ கெடுன்னு ஒண்ணு இருக்கு, பயந்துடாதீங்க, நியாயம்னு பட்டா அதைத் தள்ளுபடி பண்ணலாம், ஏன் லேட்டுன்னு எழுத இடம் இருக்கும். நான் உள்ளதை எழுதினேன், யாரும் சொல்லல, அந்தத் தாளை வெளிய எடுக்கவே கூச்சமா இருந்துச்சுன்னு.

அதுக்கு முன்னாடி ரெக்கார்ட் வாங்கணும். டிடி 214ல ஷார்ட் காப்பி, லாங் காப்பின்னு ரெண்டு இருக்கு, ஷார்ட்ல காரணமே இருக்காது. லாங் காப்பியோட டிஸ்சார்ஜ் ஃபைலும் சேத்து கேளுங்க, ஸ்டாண்டர்ட் ஃபார்ம் 180. எனக்கு வர மாசக்கணக்காச்சு. பிரிச்சுப் படிச்ச அன்னிக்கு வேற வேலை ஓடல, என்னைப் பத்தி கூட வேலை செஞ்சவங்க எழுதிக் குடுத்த ஸ்டேட்மென்ட் அதுல இருந்துச்சு, ஒருத்தி என் ரூம்மேட்.

போர்டுக்கு எழுதற லெட்டர்ல நான் பண்ண தப்பு, முதல்ல ஆறு பக்கம் அழுது எழுதினேன். வெட்டரன்களுக்கு இலவசமா கேஸ் பாக்கற வக்கீல் ஒருத்தர் படிச்சுட்டு, இதெல்லாம் உங்களுக்கு வச்சுக்கோங்க, போர்டு பாக்கறது ரெண்டே விஷயம், காரணம் அது மட்டும்தானா, வேற தப்பு இருக்கா, அவ்வளவுதான்னாரு. ஒண்ணரைப் பக்கமாச்சு. இன்னொண்ணும் அவர்தான் சொன்னாரு, புது 214 வேணும்னு தெளிவா கேளுங்க, 215 குடுத்தா அது வெறும் திருத்தச் சீட்டு, பழைய தாள் அப்படியே இருக்கும், ரெண்டையும் சேத்துக் காட்டிட்டுத் திரியணும். இந்த ஒரு பாயின்ட்டுக்காகத்தான் இதையெல்லாம் எழுதறேன்.

நேர்ல கூப்பிடல, பேப்பரை வச்சே முடிவு பண்ணிட்டாங்க. பத்து மாசம் கழிச்சு புது 214 வந்துச்சு. 28ல இப்போ செக்ரட்டேரியல் அத்தாரிட்டி, எதையும் காட்டிக் குடுக்காத பொதுவான காரணம், பக்கத்துல அதுக்கான ஜேஎஃப்எஃப்னு கோடு. ரீஎன்ட்ரி கோடு 4 இருந்தது 1 ஆயிருச்சு, அதாவது மறுபடியும் சேரலாமாம், நாப்பது தாண்டினவளுக்கு! ஆனா ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தது அந்த 1ஐத்தான்.

அடுத்த இன்டர்வியூல எச்ஆர் பொண்ணு அந்த வரியில நிக்கவே இல்ல, பக்கத்தைத் திருப்பிட்டா.

அம்மாகிட்ட மட்டும் இன்னும் சொல்லல. நான் மாடி ஏறும்போதெல்லாம் முட்டி பத்திரம்னு சொல்லிட்டுதான் இருக்காங்க.