வேதாளக் கதை வரியும் என் மூன்றாவது முயற்சியும்

முதல் தடவை தேர்வுக்குப் படித்தபோது மேசைக்கு மேலே சுவரில் பதினேழு சீட்டு ஒட்டியிருந்தேன். எல்லாம் மாயாஜாலக் கதைகளில் எனக்குப் பிடித்த வரிகள். மந்திரவாதி சொன்னது, பேசும் பூனை சொன்னது, டிராகன் சொன்னது என்று ஒன்று விடாமல் கலர் பேனாவில் எழுதி, ஓரத்தில் நட்சத்திரமெல்லாம் போட்டு, அதற்கே இரண்டு மாலை போயிற்று. ஒரு வாரம் பார்த்தேன். அப்புறம் கண்ணுக்குப் பழகிவிட்டது, சுவரோடு சுவராகப் போயின. தேர்வில் தேறவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை தேறினேன், அப்போது என்னிடம் மிச்சம் இருந்தவை ஐந்தே வரி. அந்த ஐந்தும் எப்படி வேலைக்கு வந்தன என்பதைத்தான் எழுதுகிறேன். கதை படிக்கிற பழக்கம் இல்லாதவர்கள் இதற்காக மெனக்கெட வேண்டாம், படிக்க வேறு வழி ஆயிரம் இருக்கிறது.

நான் செய்த தப்பு என்னவென்றால், வரி அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன், அது எந்த நேரத்தில் எனக்கு வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-ல் எழுதிய கட்டுரை ஒன்றைப் பற்றி இரண்டாவது தோல்விக்குப் பிறகு படித்தேன். ‘நன்றாகப் படிப்பேன்’ என்று பொதுவாக நினைப்பதைவிட, ‘இன்னது நடந்தால் உடனே இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தால் காரியம் நடக்க வாய்ப்பு அதிகம் என்பது அதன் சாரம். கேட்டால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் என் பதினேழு சீட்டையும் எடுத்து வைத்து, இது எப்போது, இதைச் சொன்ன பிறகு கை என்ன செய்யும் என்று கேட்டுப் பார்த்தபோது பன்னிரண்டுக்குப் பதிலே இல்லை. கிழித்துப் போட்டேன். டிராகன் வரி போனதில் மட்டும் இன்னும் கொஞ்சம் வருத்தம்.

முதல் வரியை எனக்குக் கொடுத்தது அம்மா. அவருக்கு மாயாஜால நாவல் எதுவும் தெரியாது, ஆனால் அம்புலிமாமா படித்து வளர்ந்தவர். நான் செல்போனை அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்காருவேன், இருபது நிமிடம் கழித்து எதற்கோ எழுந்து போவேன், திரும்பி வரும்போது போன் கையில் இருக்கும். எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. அம்மா கதவோரம் நின்று, ‘என்ன, வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிடுச்சா?’ என்பார். கோபம்தான் வரும். ஒரு நாள் பதிலுக்கு, வம்புக்கென்றே, ‘தன் முயற்சியில் சற்றும் மனம் தளராத விக்கிரமன்...’ என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே போனைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அன்றிலிருந்து அது சடங்காகிவிட்டது. போன் கைக்கு வந்திருப்பது தெரிந்ததும் அந்த அரை வரி, சொல்லிக்கொண்டே எழுந்து நடை, அலமாரி, கதவு மூடுகிற சத்தம்.

இந்த வரி ஏன் இவ்வளவு நன்றாகப் பொருந்தியது என்று பிற்பாடு யோசித்தேன். அந்தக் கதையில் விக்கிரமன் ஒரே தடவையில் ஜெயிப்பதில்லை. மரத்தில் ஏறி உடலை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான், வாய் திறக்கிறான், வேதாளம் பறந்துவிடுகிறது, திரும்பவும் போகிறான். அவன் ‘ஐயோ, மறுபடி விட்டுவிட்டேனே’ என்று மரத்தடியில் உட்கார்ந்து புலம்புவதாக எந்தக் கதையிலும் இல்லை. நானோ போனை எடுத்த குற்ற உணர்ச்சியிலேயே அன்றைய பொழுதைத் தொலைத்துவிடுகிற ஆள். ‘இன்னைக்குக் கெட்டுப்போச்சு, நாளையிலிருந்து பார்ப்போம்’ என்று எத்தனை நாள் விட்டிருக்கிறேன்! தளராதே என்று உபதேசம் செய்கிற வரி என்றால் எனக்கு எரிச்சல்தான் வந்திருக்கும். இது ஒருத்தன் திரும்ப மரம் ஏறுகிறான் என்று செய்தி மாதிரிச் சொல்லிவிட்டு நகர்கிறது, அதனால் உறுத்தவில்லை.

இரண்டாவது, ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ கதையின் இரண்டாம் பாகத்தில் (1871-ல் வந்தது) வெள்ளை ராணி சொல்வது. காலை உணவுக்கு முன்பே ஆறு நடக்கவே முடியாத விஷயங்களை நம்பியிருக்கிறேன் என்பாள். எல்லோரும் அந்த ஆறை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், சட்டையில்கூடப் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் அதற்கு நேர் முன்னால் அவள் சொல்வது, உன் வயதில் நான் தினமும் அரை மணி நேரம் இதைப் பயிற்சி செய்வேன் என்று. அந்த அரை மணி நேரத்தை யாரும் சட்டையில் போடுவதில்லை! இந்தக் கதையை எழுதிய லூயிஸ் கரோல் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர், பயிற்சி என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்குக் கணக்கு என்றாலே நடுக்கம். பல் தேய்த்துவிட்டு வந்ததும் ‘ராணி நேரம்’ என்று சொல்லிக்கொண்டு அரை மணி அலாரம் வைத்து, நேற்று முடியாது என்று விட்ட கணக்கு ஆறை எடுப்பேன். ஆறும் வந்த நாட்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. பெரும்பாலும் இரண்டு வரும், மூன்று வரும். நான்கு மாதத்தில் அந்த நடுக்கம் பாதி போயிருந்தது, அதுவே எனக்குப் பெரிசு.

அதே புத்தகத்தில் சிவப்பு ராணியும் இருக்கிறாள். இங்கே இருக்கிற இடத்திலேயே இருப்பதற்கே முடிந்த மட்டும் ஓட வேண்டும், வேறு இடத்துக்குப் போக வேண்டுமானால் அதைப்போல் இரண்டு மடங்கு ஓடு என்பாள். இதை நான் இரண்டு வருடம் தப்பாகப் புரிந்துகொண்டு, படிக்கிற நேரத்தை இரண்டு மடங்காக்கினேன். அதே பக்கத்தை மஞ்சள் கோடு போட்டு நான்காம் முறை வாசிப்பது. சரி, நாமும் ஓடிக்கொண்டேதானே இருக்கிறோம் என்ற திருப்தி வேறு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு பேர் 2006-ல் மாணவர்களை வைத்துச் சோதித்ததில், படித்ததைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து வைத்ததிலோ புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். அதாவது வாசிக்கும்போது வருகிற ‘ஆங், தெரியும் தெரியும்’ என்ற நினைப்பை நம்பக் கூடாது. அதற்கப்புறம், ஒரு பக்கத்தை மூன்றாவது தடவையாக வாசிக்கிறேன் என்று தெரிந்தால் ‘சிவப்பு ராணி’ என்று முணுமுணுத்துவிட்டுப் புத்தகத்தைக் குப்புறப் போட்டு, வெள்ளைத்தாளில் நினைவில் இருப்பதை எழுதுவேன். முதல் சில நாள் தாளில் நான்கு வரிகூட வராது. அவமானமாக இருக்கும். அந்த நான்கு வரிதான் உங்களுக்கு உண்மையில் தெரிந்தது, மற்றதெல்லாம் மஞ்சள் கோடு.

தேர்வு அறைக்கு ஒரே ஒரு வரி. ஆலிஸின் முதல் பாகத்தில், நீதிமன்றக் காட்சியில், எங்கிருந்து படிக்கட்டும் என்று முயல் கேட்கும். ஆரம்பத்தில் ஆரம்பி, முடிவு வரும் வரை போ, பிறகு நிறுத்து என்பார் ராஜா. படு அபத்தமான வசனம், ஆனால் வினாத்தாளைப் புரட்டியதும் கண் முன்னே எழுத்தெல்லாம் நீந்துகிற நேரத்தில் எனக்கு அறிவுரை வேண்டாம், அபத்தம்தான் வேண்டியிருந்தது. சிரிப்பு லேசாக வரும், மூச்சு இறங்கும், கை முதல் கேள்விக்குப் போகும். நாற்பது மாதிரித் தேர்வில் இதையே செய்து பழக்கியிருந்தேன். அசல் நாளில் முதன்முறையாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், அது வராது.

வரியே இல்லாத ஒரு வரியும் உண்டு, அது மறுபடி விக்கிரமன். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகிவிடும் என்பது வேதாளத்தின் நிபந்தனை. அதனால் ஒவ்வொரு கதைக்கும் பதில் சொல்கிறான், சொல்லிச் சொல்லிக் கோட்டை விடுகிறான். கடைசிக் கதையில் தகப்பனும் மகனும் ஒரு தாயையும் மகளையும் மாற்றி மணந்துகொள்கிறார்கள், அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்குள் என்ன உறவு என்று கேட்கிறது. ராஜாவுக்குத் தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். வேதாளம் அப்போதுதான் வசப்படுகிறது. தப்பான விடைக்கு மதிப்பெண் கழிக்கிற தேர்வு எழுதுகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும். என் தேர்வில் நான்கு விடை, தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, சராசரி சரியாகப் பூஜ்யம். ஒரு விடையை நிச்சயமாகத் தள்ள முடிந்தாலே கேள்விக்கு ஒன்பதில் ஒரு பங்கு மதிப்பெண் சராசரியாகக் கூடும். ஆகவே எதையுமே தள்ள முடியவில்லையென்றால் ராஜா மாதிரி வாயை மூடிக்கொண்டு நடை, ஒன்றையாவது தள்ள முடிந்தால் பதில் சொல். முதல் இரண்டு முறையும் ஒரு கேள்வி விடாமல் குறித்தவன் நான். அதில் பல, எதையும் தள்ளாமல், ஆசை வார்த்தையில் மயங்கிக் குறித்தவை. மூன்றாம் முறை பதினொன்றை வெறுமையாக விட்டேன். விடும்போது கை நடுங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாவது வரியில்தான் நான் சறுக்கினேன். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற மோதிரக் கதையில், இதெல்லாம் என் காலத்தில் நடந்திருக்க வேண்டாமே என்று பையன் வருந்தும்போது கிழ மந்திரவாதி சொல்வாரே, நமக்குக் கொடுக்கப்பட்ட காலத்தை வைத்து என்ன செய்வது என்பதை மட்டும்தான் நாம் முடிவு செய்ய வேண்டும் என்று. (படத்தில் இது சுரங்கத்துக்குள் வரும். 1954-ல் வந்த புத்தகத்தில் பயணம் தொடங்கும் முன்பே, பையனின் வீட்டில் உட்கார்ந்து பேசும்போது வரும்.) இரண்டாம் தோல்விக்குப் பிறகு என்னைத் தூக்கி நிறுத்தியது இதுதான். அதனால் கூடப் படித்த தோழி ஒருத்திக்கு ஒரு மதிப்பெண்ணில் போனபோது, முடிவு வந்த பத்தாவது நிமிடம் இதை அப்படியே அனுப்பினேன். பெரிய உதவி செய்த நினைப்பு. நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மூன்று நாள் கழித்துப் பேசினாள். ‘நான் அழுதுட்டு இருந்தேன்டா, நீ வசனம் பேசிட்டிருந்தே’ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இத்தனைக்கும் கதையில் அந்தக் கிழவர் முதலில் சொல்வது, நானும் அப்படித்தான் நினைக்கிறேன், இப்படிப்பட்ட காலத்தைப் பார்க்க நேர்ந்த எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள் என்று. பையன் பக்கத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு அப்புறம்தான் மற்றதைப் பேசுகிறார். நான் முதல் பாதியை வெட்டிவிட்டு இரண்டாம் பாதியை அனுப்பியிருக்கிறேன். இப்போதெல்லாம் தோற்றவர்களுக்கு வரி அனுப்புவதில்லை. போன் செய்து ‘சாப்பிட்டியா’ என்று கேட்பதோடு சரி.

கட்டுரைத் தாளில் இந்த வரிகளைச் செருகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். செருகலாம், ஆனால் மூலத்தில் பார்த்துவிட்டுச் செருகுங்கள். எங்கே போகிறோம் என்று தெரியாவிட்டால் எந்தப் பாதையும் அங்கே கொண்டுபோய் விடும் என்று பூனை சொன்னதாக ஊரெல்லாம் ஓடுகிறது, ஆலிஸில் அந்த வாக்கியம் அப்படி இல்லை. எந்த வழியில் போவது என்று அவள் கேட்கிறாள், அது நீ எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைப் பொறுத்தது என்கிறது பூனை, அங்கிருந்து ஒரு உரையாடலாக நீள்கிறது. திருத்துகிறவர் அந்தப் புத்தகத்தைப் படித்தவராக இருந்துவிட்டால் வம்பு. திருத்துகிறவர்களைக் குறைவாக எடை போடாதீர்கள், மோதிரக் கதை எழுதிய டோல்கீனே கோடையில் கூடுதல் வருமானத்துக்காகப் பள்ளித் தேர்வுத் தாள் திருத்தியவர்தான். ஒரு மாணவர் வெறுமையாக விட்டிருந்த பக்கத்தில்தான், தரையில் ஒரு வளையில் ஒரு ஹாபிட் (குள்ள மனிதன் மாதிரி ஒரு கற்பனை உயிர்) வாழ்ந்தான் என்று, ‘தி ஹாபிட்’ என்ற தன் இன்னொரு நாவலின் முதல் வாக்கியத்தை எழுதினாராம். வெறும் தாள் கொடுத்த அந்தப் பிள்ளைக்கு என்ன மதிப்பெண் போட்டாரோ!

கடைசியாக ஒன்று. வரிகளை மனப்பாடம் செய்யுங்கள், எழுதிய சீட்டைத் தேர்வு நாளில் எடுத்துப் போகாதீர்கள். மூன்றாம் தடவை நான் அதை மறந்துபோய் விட்டேன். தேர்வுக்கூட வாசலில் சோதனை செய்த பெண் கண்காணிப்பாளர் என் பேனாப் பையைத் திறந்ததும் மடித்த தாள் ஒன்று விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பிட் என்று எழுதிவிட்டால் ஆயுசுக்கும் போச்சு. அவர் நிதானமாகப் பிரித்துப் படித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘மறுபடி ஏறினானா, இல்லையா?’ என்றார். ஏறினான் மேடம் என்றேன். தாளைக் கிழித்துத் தொட்டியில் போட்டுவிட்டு, ‘போ, மணி அடிச்சிடும்’ என்றார்.