ஊன்றின காலைப் பார்!

கல்லூரி மைதானத்தில் பந்தடித்த எங்கள் செட்டில் பலருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. பழைய மாணவர்களின் லண்டன் ஒன்றுகூடலில் மைதானக் கோட்டுக்கு வெளியே கதிரை போட்டிருந்து பிள்ளைகளின் ஆட்டத்துக்குக் கைதட்டுவதோடு சரி. முழங்கால் இடம் கொடுக்காது. அவர்களைத் திரும்பவும் பந்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திய விளையாட்டைப் பற்றி இந்த மலரில் எழுத விரும்புகிறேன்.

ஃபுட்கோல்ஃப் என்று பெயர். கோல்ஃப் மைதானத்திலேயே ஆடுவது. ஆனால் மட்டை கிடையாது. நாங்கள் அடித்த அதே ஐந்தாம் இலக்க உதைபந்தைக் காலால் அடித்துக் குழிக்குள் விழுத்தவேண்டும். கோல்ஃப் குழி 4.25 அங்குலம், இதற்கு 21 அங்குலம். 18 குழிகளையும் ஆகக் குறைந்த உதைகளில் முடிப்பவருக்கு வெற்றி. 2012இல் ஹங்கேரியில் முதல் உலகக் கிண்ணம் நடந்தது. பிறகு 2016இல் ஆர்ஜென்டினா, 2018இல் மொரோக்கோ.

ஓட்டமில்லை, இடிபாடில்லை. குழிக்கு ஆகத் தூரத்தில் யாருடைய பந்து கிடக்கிறதோ அவர் முதலில் உதைப்பார், மற்றவர்கள் பொறுத்திருப்பார்கள். ஒரே தட்டாகத் தட்டவேண்டும். உள்ளங்காலால் உருட்டிக்கொண்டு போகக்கூடாது. தண்ணீருக்குள் போனால் ஒரு உதை தண்டம். புல் பழுதாகும் என்பதால் அடியில் ஸ்டட் (குமிழ்) வைத்த பூட்ஸுக்கு அனுமதியில்லை.

பின்வரிசையில் தடுத்தாடிய எங்கள் ஃபுல்பேக் அண்ணையின் முதல் உதையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். இரண்டு எட்டுப் பின்னுக்குப் போய், இடது காலைப் பந்துக்குப் பக்கத்தில் ஊன்றி, புறங்காலால் ஒன்று விட்டார். மரங்களுக்கு மேலால் போய் விழுந்தது! அந்தக் காலத்தில் எதிரணிக் கோல்கீப்பர்கள் பயந்த அதே அடி.

ஆனால் ஆட்டத்தை வெல்வது கடைசிப் பத்து மீற்றரில். தரை ஒரு பக்கம் சரியும்; வேகமாகத் தட்டினால் பந்து குழியைத் தாண்டிக் குதித்துவிடும், மெல்லத் தட்டினால் விளிம்பில் வளைந்து விலகிவிடும். அங்கேதான் எங்களைப் பழக்கிய சேரின் பாடம் கைகொடுத்தது. “உதைக்கிற காலை விடு, ஊன்றின காலைப் பார்” என்று மாலை முழுக்கக் கத்துவாரே, நினைவிருக்கிறதா? ஊன்றிய பாதத்தின் பெருவிரல் பார்க்கும் திசைக்கே பந்து போகும். இடது ஓரத்தில் ஆடிய, சின்ன உருவமான எங்கள் அவுட்லெஃப்ட் அதை மறக்கவில்லை. அண்ணை மூன்று உதையில் முடித்த குழிகளை அவன் இரண்டில் முடித்தான்.

அடுத்த கோடை ஒன்றுகூடலில் இதை எங்கள் கல்லூரி இல்லங்களுக்கிடையிலான (ஹவுஸ்) போட்டியாக வைக்கும்படி நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். இல்லத்துக்கு நாலு பேர் போதும். அக்காமாரும் தங்கச்சிமாரும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்தே ஆடலாம்.