மூன்று வாரமாக 5

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ள ஒருவர் மூன்று வாரமாக அசதிக்கு 5 என்றே அனுப்பிக்கொண்டிருந்தார். நான் நரம்பியல் பிரிவில் செவிலியர். கைபேசிச் செயலி வழியே இவர்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. 0 முதல் 10 வரை ஒரு கோடு இருக்கும், அதிலுள்ள புள்ளியை விரலால் இழுத்து வைத்தால் எண் எனக்கு வந்துவிடும். 5 தானே, நிலையாக இருக்கிறார் என்று அடுத்த பெயருக்குப் போய்விடுவேன்.

வேறு விஷயமாக ஒருநாள் அவரை அழைத்தேன். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "விரலெல்லாம் மரத்துப்போச்சு சிஸ்டர். அந்தப் புள்ளியை இழுக்க வரல. அது நிக்கிற இடத்துலயே விட்டுட்டு அனுப்புறேன்."

செயலியைத் திறக்கும்போது புள்ளி நிற்கும் இடம் 5. அவருடைய அசதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விரலில் உணர்வு குறைவதும் இந்த நோயின் அறிகுறிதான். அப்படிப்பட்டவரிடம் விரலால் இழுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறோம். மூன்று வாரம் அதை நான் கவனிக்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து எண்ணோடு வாய்ஸ் மெசேஜும் கேட்க ஆரம்பித்தேன். அரை நிமிடம் போதும். காலையில் தெளிவாகப் பேசுபவருக்குச் சாயங்காலம் வார்த்தை குழறுவது காதில் விழும். ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை முறை நிறுத்துகிறார் என்று தெரியும். அசதி என்ற சொல்லே எனக்கு அப்போதுதான் புரிந்தது. தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை அது.

ஒருநாள் இன்னொருவரின் குரலில் பயம். "நேத்துலேர்ந்து கால் கனக்குது சிஸ்டர், மறுபடி அட்டாக்கா?" நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே தாக்குவதால் வருகிற நோய் இது. புதிய தாக்குதல் என்று சொல்ல அறிகுறி குறைந்தது 24 மணி நேரம் நீடிக்க வேண்டும், காய்ச்சலோ தொற்றோ காரணமாக இருக்கக் கூடாது. உடம்பு சற்றுச் சூடானாலே பழைய அறிகுறிகள் தலைகாட்டும். நடந்து வியர்த்ததும் பார்வை மங்குவதை ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே பதிவு செய்திருக்கிறார். அதனால் பதில் சொல்வதற்கு முன் நான் கேட்கிற கேள்விகள் அதிகம். காய்ச்சல் உண்டா, வெந்நீரில் குளித்தாரா, சிறுநீர் எரிகிறதா? "எரிச்சல் இல்ல, ஆனா நாலு நாளா வாடை அடிக்குது" என்றார். மருத்துவரிடம் சொல்லிச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யவைத்தோம். தொற்றுதான். அது குணமானதும் கால் பழைய நிலைக்கு வந்தது. புதிய தாக்குதலுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டை ஏற்ற வேண்டிய அவசியமே வரவில்லை.

போட்டோவும் உதவும். தொடையில் ஒரே இடத்தில் தடித்திருந்த படம் ஒன்று வந்தது. இந்த நோய்க்கான மருந்தை வீட்டில் தானே ஊசியாகப் போட்டுக்கொள்பவர் அவர். ஊசி போடும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தோம். ஏன் மாற்றவில்லை என்று கடிந்துகொள்ளாமல், வீடியோ காலில் போட்டுக் காட்டச் சொன்னேன். வலது கை ஒத்துழைக்காததால், இடது கைக்கு வாகான ஓர் இடத்தில்தான் அவரால் குத்த முடிந்தது. அப்புறம் வீட்டிலுள்ள ஒருவருக்குப் போடக் கற்றுக்கொடுத்தோம்.

செயலியில் இப்போது கோடு இல்லை. பெரிய பெரிய கட்டங்கள், எண்ணைத் தொட்டால் போதும். தொடாமல் விட்டால் எதுவும் பதிவாகாது. மாற்றிய முதல் நாள், 5 என்றே அனுப்பிக்கொண்டிருந்தவரிடமிருந்து வந்த எண் 9. உடனே போனை எடுத்தேன்.