"பருவத்துக்கு வரவில்லை": கைனகாலஜி கம்பார்ட்மென்ட் எழுதித் தேறிய அனுபவம்

நேற்று மாலை ரிசல்ட் வந்தது. கால்நடை மருத்துவப் படிப்பில் கைனகாலஜி (இனப்பெருக்க மருத்துவம்) பாடத்தில் தோற்று, கம்பார்ட்மென்ட் எனும் மறுதேர்வு எழுதியிருந்தேன். இப்போது பாஸ். அம்மாவுக்குப் போன் செய்துவிட்டு விடுதி மொட்டை மாடியில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதம் சரியான தூக்கம் இல்லை. ஜூனியர்கள் பலர் கேட்டதால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அனீஸ்ட்ரஸ், அதாவது மாடு பருவத்துக்கு வராமலிருப்பது பற்றி மட்டும்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் நான் விழுந்தது அதில்தான்.

முதல் தடவை பிராக்டிகலில் எனக்கு வந்தது ஒரு கலப்பின ஜெர்சி. மூன்றாம் ஈற்று, கன்று போட்டு ஐந்து மாதம், இன்னும் பருவத்துக்கு வரவில்லை, சினை ஊசி போடவில்லை. ஹிஸ்டரி அவ்வளவுதான். ஆசனவாய் வழியாகக் கை விட்டதும் வலது சினைப்பையில் (முட்டை உருவாகும் உறுப்பு) சி.எல். தட்டுப்பட்டது. சி.எல். என்பது கார்ப்பஸ் லூட்டியம், முட்டை வெளியான இடத்தில் உருவாகும் திசு. கல்லீரலைத் தொட்டது போன்ற உறுதி, மேலே சின்னப் புடைப்பு. வருடம் முழுக்கத் தேடியது கையில் கிடைத்த சந்தோஷத்தில் அப்படியே வெளியே எடுத்துவிட்டேன். "சி.எல். இருக்கிறது சார், சைலன்ட் ஹீட், பி.ஜி. ஊசி போடலாம்" என்றேன். சைலன்ட் ஹீட் என்றால் வெளியே அறிகுறி காட்டாத பருவம், பி.ஜி. என்பது சி.எல்.லைக் கரைக்கும் புரோஸ்டாகிளாண்டின்.

எக்ஸாமினர் எதுவும் பேசாமல் கையுறை மாட்டிக்கொண்டு பார்த்தார். "வலது கொம்பைத் தொட்டாயா?" என்றார். மறுபடி கை விட்டேன். வலது கருப்பைக் கொம்பு இடதைவிடப் பருத்து, தண்ணீர் ஊற்றிய பலூன் மாதிரித் தளதளத்தது. சுவரை இரண்டு விரலால் மெல்லப் பிடித்துத் தூக்கினால் உள்ளே ஒரு ஜவ்வு வழுக்கிக்கொண்டு போனது. ஏறக்குறைய 50 நாள் சினை. மேய்ச்சலில் எங்கோ காளை சேர்ந்திருக்கிறது, வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. நான் சொன்ன ஊசி விழுந்திருந்தால் கரு கலைந்திருக்கும். அந்த மாட்டின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஹிஸ்டரி எழுதியவர் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. ஆனால் கிராமத்தில் நமக்குக் கிடைக்கப்போகும் ஹிஸ்டரியும் இதேதான். மாடு பருவத்துக்கு வராததற்கு முதல் காரணம் சினை. வகைப்பாட்டில் "கர்ப்பகால அனீஸ்ட்ரஸ்" என்று ஒரே வரியில் வரும், நாமும் மனப்பாடம் செய்து தாண்டிப் போய்விடுவோம். அந்த வரியை நோட்டில் முதல் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். சினை இல்லை என்று கை சொல்லும்வரை வாயில் எந்த மருந்தின் பெயரும் வரக்கூடாது.

கம்பார்ட்மென்டுக்கு நான் படித்த விதம் எல்லோருக்கும் ஒத்துவருமா தெரியாது. எனக்கு உட்கார்ந்து படித்தால் நிற்காது, கையால் தொட்டால்தான் நிற்கும். இறைச்சிக் கூடத்திலிருந்து சினைப்பைகள் வாங்கி வந்து, வாளித் தண்ணீரில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவினேன். வேலை செய்யாத சினைப்பை சின்னதாக, தட்டையாக, மேடு பள்ளம் இல்லாமல் மொச்சைக் கொட்டை மாதிரி இருக்கும். வளர்ந்த பாலிக்கிள் (முட்டை வளரும் நீர்ப்பை) பழுத்த திராட்சை மாதிரி அமுங்கும். நாலாம் நாள் கண்ணைத் திறக்காமலே சொல்ல வந்துவிட்டது.

அடுத்து 10 நாள் விஷயம். இதில்தான் பாதிப் பேர் சறுக்குவோம். ஒரே ஒரு தடவை பார்த்து சி.எல். இல்லை என்றால் அது உண்மையான அனீஸ்ட்ரஸ் ஆகிவிடாது. 21 நாள் சுழற்சியில், பருவத்தை ஒட்டிய சில நாட்கள் சுழலும் மாட்டிலும் சி.எல். கைக்குச் சிக்காது. அதனால் 10 நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போது சி.எல். இருந்தால் மாடு சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. ஒன்று சைலன்ட் ஹீட், இல்லை வீட்டுக்காரர் கவனிக்கவில்லை. பருவம் 12 முதல் 18 மணி நேரம்தான், ராத்திரியில் வந்து போனால் யார் பார்ப்பார்கள்? இரண்டு தடவையும் சினைப்பை வழவழவென்றே இருந்தால்தான் உண்மையான அனீஸ்ட்ரஸ்.

கையில் கிடைத்ததை வைத்து மருந்து:

- சினை: எதுவும் வேண்டாம்.
- சி.எல். இருக்கிறது, கருப்பை காலி: பி.ஜி. சுழற்சியின் முதல் 5 நாளில் அது வேலை செய்யாது.
- சி.எல். போகாமல் நிற்கிறது, கருப்பை கனக்கிறது: சீழா, காய்ந்துபோன கருவா என்று பாருங்கள்.
- வழவழப்பான சினைப்பை: பி.ஜி. வீண், கரைக்க அங்கே ஒன்றும் இல்லை. தீவனம், தாது உப்பு, குடற்புழு நீக்கம் முதலில். அப்புறம் பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் சாதனம் அல்லது ஜி.என்.ஆர்.எச். எனும் ஹார்மோன் ஊசி.
- பருவமே காணாத கிடேரி: காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்ததா என்று கேளுங்கள். அப்படிப் பிறந்து மலடான கிடேரிக்கு (ஃப்ரீமார்ட்டின்) வைத்தியம் கிடையாது.

கறக்கும் மாட்டில் ஏன் இப்படி ஆகிறது என்று தியரியில் கேட்டால், ஹார்மோன் படத்தோடு நிறுத்தாதீர்கள். ஈன்றதும் பாலுக்குப் போகும் சத்து தின்பதைவிட அதிகம். உடம்பு இளைக்கிறது, முட்டை வெளிவரத் தூண்டும் எல்.எச். ஹார்மோனின் துடிப்பு குறைகிறது, பாலிக்கிள் முட்டை விடும் அளவுக்கு முதிர்வதில்லை. கன்று எந்நேரமும் ஊட்டிக்கொண்டிருந்தால் அதுவும் எல்.எச்.சை அழுத்தும். விலா எலும்பு தெரியும் மாட்டுக்கு ஊசி எழுதிக் கொடுப்பதற்கு முன் தொட்டியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். இதை நான் பதிலில் எழுதினேன், மார்க்கும் கிடைத்தது.

மற்ற விலங்குகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குதிரை நீண்ட பகல் இனம், குளிர்காலத்தில் அடங்கிவிடும். குளிர்நாட்டுச் செம்மறி நேர் எதிர், பகல் குறையும்போதுதான் பருவம். இரண்டிலும் சேதி சொல்வது இருட்டில் சுரக்கும் அதே மெலடோனின் ஹார்மோன்தான், குதிரையில் அடக்குகிறது, செம்மறியில் எழுப்புகிறது. வைவாவில் என்னிடம் இதைத்தான் மடக்கிக் கேட்டார்கள். பன்றி, குட்டிகள் பால் குடிக்கும்வரை வராது, பிரித்தால் 4 முதல் 7 நாளில் வந்துவிடும். நாய்க்கு அனீஸ்ட்ரஸ் நோயே இல்லை, ஒவ்வொரு சுழற்சியிலும் நாலைந்து மாதம் அது இயல்பு. பருவத்துக்குப் பிந்தைய கட்டமான டையஸ்ட்ரஸோடு குழப்பாதீர்கள், டையஸ்ட்ரஸில் சி.எல். உயிரோடு இருக்கும். எருமை கோடையில் வெளியே காட்டாது, தண்ணீரும் நிழலும் கொடுத்து இரவிலும் விடியலிலும் கவனிக்க வேண்டும்.

கம்பார்ட்மென்டில் எனக்கு வந்தது எருமைதான். முர்ரா இனம், ஈன்று நாலு மாதம். முதலில் இரண்டு கொம்பையும் அடிவரை தடவி, "சினை இல்லை சார்" என்றேன். சினைப்பைகள் சின்னதாக இருந்தன, சி.எல். தட்டுப்படவில்லை. "என்ன எழுதுவாய்?" என்றார் எக்ஸாமினர். "இன்று தாது உப்பு மட்டும் எழுதுவேன், 10 நாள் கழித்துப் பார்க்காமல் வேறு எதுவும் எழுத மாட்டேன்" என்றேன். அடுத்த கேள்வி கேட்காமல் என் பக்கத்தைத் திருப்பினார்.

பிராக்டிகல் முந்தின நாள் ராத்திரி நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். மோதிரம், கயிறு கழற்றி வையுங்கள். கையுறை இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள், ஒன்று கிழியும்.