வால் முன்னால், தலை பின்னால்

2024 அக்டோபர் முதல் தேதி, விடியக்காலை நாலே முக்காலுக்கு தேவிபட்டினம் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தேன். நவபாஷாணத்துக்கு வந்தவன் என்று டீக்கடைக்காரர் நினைத்திருப்பார். நான் வந்தது சுசின்ஷான்-அட்லஸ் வால்மீனைப் பார்க்க. (கடலுக்குள் நிற்கிற அந்த ஒன்பது கல்லில் ஒன்று கேது. தூமகேது என்கிறோமே, அந்தக் கேதுவுக்கு வால்மீன் என்றே ஒரு பொருள் உண்டு. ஆக, இடம் பொருத்தம்தான்.) கூட என் தாய்மாமா. முப்பது வருஷம் வல்லத்தில் தொழிலுக்குப் போனவர், விடிவெள்ளியைப் பார்த்து நேரம் சொல்கிறவர்.

ஐந்து பத்துக்குக் கிழக்கே கடலுக்குச் சற்று மேலே மங்கலாக ஒரு புள்ளி, அதிலிருந்து நேர் மேலே ஒரு வெள்ளைக் கோடு. நான் பைனாகுலரில் தேடிக்கொண்டிருந்தேன், மாமா வெறும் கண்ணிலேயே முதலில் பார்த்துவிட்டார்.

“இது எங்கேயிருந்து மாப்ள வருது?”

நெப்டியூனுக்கு அப்பால் கைப்பர் பட்டை என்று பனிக்கட்டிகள் சுற்றும் ஒரு வளையம் இருக்கிறது. அடிக்கடி தலைகாட்டும் குட்டி வால்மீன்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஆட்கள். இது அதைவிடத் தொலைவு. 1950இல் யான் ஊர்ட் என்ற டச்சு வானியலாளர், நீண்ட பாதை கொண்ட வால்மீன்கள் பலவும் ஏறக்குறைய ஒரே தொலைவிலிருந்துதான் விழுகின்றன, அதுவும் வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் விழுகின்றன என்று கவனித்தார். அப்படியானால் சூரியக் குடும்பத்தையே ஓடு மாதிரி மூடி ஒரு பனிக்கூட்டம் இருக்க வேண்டும். நமக்கும் சூரியனுக்கும் நடுவே 15 கோடி கிலோமீட்டர். அந்தக் கூட்டம் அதைப்போலப் பல்லாயிரம் மடங்கு தூரத்தில். இன்றுவரை யாரும் அதை நேரில் பார்த்ததில்லை, வருகிற வால்மீன்களை வைத்துத்தான் அனுமானம். கடந்துபோகிற ஏதோ ஒரு விண்மீனின் ஈர்ப்பு லேசாகத் தட்டிவிட்டால் போதும், ஒரு கட்டி சூரியனை நோக்கி விழ ஆரம்பிக்கும்.

விழும் என்றாலும் நேராகப் போய் மோதாது, நீட்டி இழுத்த முட்டை மாதிரிப் பாதையில் சூரியனை ஒரு வளைவு வளைந்துவிட்டுத் திரும்பும். கிட்டே வரும்போது பாய்ச்சல், தூரத்தில் நத்தை. ஹாலி வால்மீனையே எடுத்துக்கொள்ளுங்கள், சூரியனுக்குப் பக்கத்தில் அதன் வேகம் நொடிக்கு 54 கிலோமீட்டர், கடைக்கோடியில் நொடிக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. 2023 டிசம்பரில்தான் அந்தக் கடைக்கோடியைத் தொட்டுத் திரும்பியிருக்கிறது, 2061இல் இங்கே வரும். சுசின்ஷான் அப்படி இல்லை, திரும்பாமலே போனாலும் போகலாம்.

மாமாவுக்கு இதிலெல்லாம் சந்தேகமே வரவில்லை. வாலில்தான் வந்தது. “வால் பின்னாடிதானே இழுபடணும்? இது ஏன் மேல நிக்குது?”

எனக்குப் பிடித்த இடமே இதுதான். கிட்டே வரும்போது பனி உருகித் தண்ணீராவதில்லை, நேராக ஆவியாகிறது, தூசியும் கூடவே கிளம்புகிறது. தூசியைச் சூரிய ஒளியின் அழுத்தம் தள்ளும், வாயுவில் மின்னேற்றம் பெற்ற பகுதியைச் சூரியக் காற்று (சூரியனிலிருந்து ஓயாமல் கிளம்பும் மின்துகள்களின் ஓட்டம்) அடித்துக்கொண்டு போகும். ஆகவே வால்மீன் எந்தப் பக்கம் ஓடினாலும் வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான். விடியலில் சூரியன் கடலுக்குக் கீழே, வால் மேலே. சூரியனைச் சுற்றிவிட்டு வெளியே போகும்போது வால் முன்னால், தலை பின்னால்.

பள்ளிக்கூடத்தில் ராக்கெட் புகை மாதிரி என்று சொல்லிக்கொடுத்தது முப்பது வயது வரை என் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “கச்சான் காத்து பின்னாலேயிருந்து பலமா அடிக்கிறப்ப இஞ்சின் புகை முன்னாடி ஓடி அணியத்துல இருக்கவன் மூஞ்சியிலதான் விழும், அது மாதிரியா?” என்றார். அதேதான் மாமா.

அக்டோபர் நடுவில் அது சாயங்கால வானத்துக்கு மாறியது. நான் மதுரைக்குத் திரும்பிவிட்டேன், இங்கே ஒரே மழை மேகம். 20ஆம் தேதி ராத்திரி மாமாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு: “மேக்க வெள்ளிக்கு மேல நிக்குது மாப்ள, ரொம்ப மங்கல். பைனாகுலர்லதான் தெரியுது. வால் இப்பவும் மேலதான்.” பைனாகுலரை அவர் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.